வாசலில் இருபத்து நான்கு ஜோடி ஷூ

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. திருவல்லிக்கேணியில் அரை மணி நேரம் நின்றும் பஸ் இல்லை. ஷேர் ஆட்டோவில் மயிலாப்பூர். புடவை முழங்கால் வரை ஈரம். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது 8.50.

தலைமை ஆசிரியை கிரிஜா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். குழந்தைகள் தினத்துக்கு வகுப்புக்கு ஒரு நாடு. என் யு.கே.ஜி.க்கு ஜப்பான். எனக்குத்தான் பாஷை தெரியுமே என்றார். தெரியும்தான். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் நான்கு வருடம் மொழிபெயர்ப்பாளர். தினம் நான்கு மணி நேரப் பயணம் தாங்காமல் விட்டு ஆறு வருடம் ஆகிறது. இப்போது நூறுக்கு மேல் எண்ணச் சொன்னால் தடுமாறுவேன். இதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரே நிபந்தனை: சார்ட் ஒட்டி மனப்பாடம் செய்ய வைக்கக் கூடாது. குழந்தைகள் கையால் எதையாவது செய்ய வேண்டும். 14ஆம் தேதி பெற்றோர் வந்து பார்ப்பார்கள்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தவை:
– காகிதம் மடிப்பது (நாய் முகம். கப்பல் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்)
– வாசலில் ஷூ கழற்றி அடுக்குவது
– மீன் கொடி. மழையில் பெயின்ட் காயுமா?
– சோற்று உருண்டை
– வகுப்பைத் தாங்களே துடைப்பது

கிமோனோ கிடையாது. யாராவது ஒரு அம்மா நைட்டியை வெட்டி அனுப்புவார்.

வருகிற வழியில் லஸ்ஸில் கலர் பேப்பர், பசை.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். வகுப்பில் 24 பேரும் ஆஜர், அதிசயம்.

காகித நாய். 24 நாய்களில் நாய் மாதிரி இருப்பவை ஏழு. மற்றவை வௌவால், சமோசா, ஒன்று எந்த இனமும் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் கண் வைத்துவிட்டார்கள். கண் வைத்ததும் நாய்தான்.

‘கொன்னிச்சிவா’ சொல்லிக் கொடுத்தேன். பகல் வணக்கம். முன்வரிசைப் பையன் ரியாஸ் கேட்டான்: “மிஸ், அங்கயும் சிவன் கோயில் கீதா?” ஆயா நாகம்மா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

தன்யா மட்டும் மணி அடித்தும் முடிக்கவில்லை. எல்லாவற்றிலும் கடைசி இந்தப் பெண். சாப்பாடு, ஸ்லேட், பை மூடுவது எல்லாம். அழுவதும் இல்லை, என்னிடம் கொடுப்பதும் இல்லை. ஓரத்தோடு ஓரம் சேருகிற வரை பிரித்துப் பிரித்து மடிக்கிறாள். அவசரப்படுத்தினேன். செய்திருக்க வேண்டாம்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை, வெயிலும் இல்லை.

இன்று ஷூ. வகுப்புக் கதவுதான் பக்கத்து வீட்டு வாசல் என்று வைத்துக்கொண்டோம். கழற்ற வேண்டும். முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். வராந்தாவில் வரிசையில் நிற்க வேண்டும். கடைசி ஆள் கழற்றி முடிக்கும் வரை யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. பிறகு எல்லாரும் சேர்ந்து ‘ஓஜாமஷிமாஸ்’. உங்கள் வீட்டுக்குள் வந்து தொந்தரவு கொடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அப்புறம்தான் உள்ளே.

கழற்றுவது நம் வீட்டிலும் உண்டு, புதிதில்லை. திருப்பி வைப்பதுதான் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. கிளம்பும்போது காலை நுழைத்தால் போதும், நேரே நடக்கலாம். நான்கு தடவை வந்து வந்து போனார்கள்.

முதல் தடவைக்கு ஆன நேரம் 19 நிமிடம். கிரிஜா மேடம் வராந்தாக் கோடியில் நின்று வாட்சைப் பார்த்தார். “இத சித்த குறைச்சுக்கோங்கோ ஜெயந்தி. ஃபோனிக்ஸ் நேரமெல்லாம் போயிண்டிருக்கு.” சரி என்றேன். குறைக்கும் உத்தேசம் இல்லை.

மாலை ஒரு அம்மாவிடமிருந்து போன். மகன் இரண்டு காலிலும் இடது ஷூ போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பத்து நிமிடத்தில் இன்னொரு போன், இரண்டும் வலது. இருவர் எண்ணையும் மாற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

திரும்பவும் மழை. விட்டு விட்டு.

மீன்கள். அங்கே குழந்தைகள் நன்றாக வளர வேண்டும் என்று வீட்டு வாசலில் துணி மீன் பறக்க விடுவார்கள். எங்களுடையது காகிதம். செதில்களுக்குப் பெருவிரல் ரேகை. நீலம், சிவப்பு, சீருடை, என் முந்தானை, நாகம்மா கன்னம், எல்லாவற்றிலும் பெருவிரல்.

எல்லாரும் கிளம்பியதும் கட்டினோம். அறை நடுவே கூரையில் பழைய கொக்கி ஒன்று இருக்கிறது, எப்போதோ விளக்கு தொங்கியது. அதிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கயிறு. நாகம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டாள், நான் ஏறினேன். முடிச்சை இழுத்தபோது தலையில் சுண்ணாம்புத் தூள் கொட்டியது, கண்ணிலும் கொஞ்சம். மழை ஈரம். நாகம்மா பெருக்கிவிட்டாள்.

ஃபேன் போட்டதும் 24 மீன்களும் ஒரே பக்கம் திரும்பின. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம், இரண்டு பேரும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விடுமுறை. துணி காயவில்லை. அறை முழுக்க ஈர வாசனை.

வீட்டில் சோற்று உருண்டை ஒத்திகை. பொன்னி அரிசி ஒட்டவே இல்லை. கையில் எடுத்தால் உதிர்கிறது. வீட்டுக்காரர் சரவணன் (மருந்துக்கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்) இது உருண்டை இல்லை, உப்புமா என்று சொல்லிவிட்டு மூன்று சாப்பிட்டார். நாகம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பொங்கலுக்குக் குழைக்கிற மாதிரி தண்ணீர் கூட வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஒட்டியது.

நவம்பர் 10, திங்கள்

யாருக்கும் ஒன்றும் இல்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். 24 குழந்தைகள், நாகம்மா, நான். ஒரு கீறல்கூட இல்லை.

காலை 9.20 இருக்கும். மழை விட்டிருந்தது. நாகம்மா உள்ளே தரை துடைத்துவிட்டு, வாளியோடு வெளியே வந்தாள். குழந்தைகள் வராந்தாவில் வரிசையில். 23 பேர் கழற்றியாயிற்று. தன்யாவின் ஷூ வார் மழையில் நனைந்து இறுகிவிட்டது, பக்கிள் வரவில்லை. பிடிக்கப் போனேன். “நானே” என்றாள்.

நின்றோம். மற்றவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். கோடியில் மேடம் அறைக் கதவு திறந்திருந்தது. எனக்கு எரிச்சல். அவளை ஷூவோடு உள்ளே போகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ‘போ’ என்று சொல்லியும் விட்டேன். வரிசையில் முதலில் நின்ற ரியாஸ் திரும்பிப் பார்த்து, “ஷூ போட்டுக்கினு போவக் கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க” என்றான். சரி என்று குனிந்தேன். வலது ஷூ வந்தது.

அப்போதுதான் சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. கதவு வழியாக வெள்ளைப் புழுதி வந்து எல்லார் மேலும் படிந்தது.

வெறுங்காலோடு எல்லாரையும் முற்றத்துக்கு இழுத்துப் போனோம். எண்ணினேன். 24. நம்பிக்கை இல்லை, மறுபடி. 24. நாகம்மாவை எண்ணச் சொன்னேன். அவளுக்கும் 24.

பிறகு கதவோரம் நின்று பார்த்தேன். கூரையிலிருந்து ஒரு கட்டில் அகலத்துக்குக் காரை பெயர்ந்து, கட்டியாக, நேரே ஜமக்காளத்தின் மேல். குழந்தைகள் உட்காரும் ஜமக்காளம். குட்டி நாற்காலி இரண்டு நொறுங்கிக் கிடந்தன. மேலே சிவப்பாகத் துருப்பிடித்த கம்பிகள். மீன்கள் அடியில். கொக்கியிலிருந்து கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கிரிஜா மேடம் செருப்பில்லாமல் ஓடி வந்தார். பார்த்தார். வராந்தாத் தூணைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

குழந்தைகளுக்கு ஒரே குஷி. இன்னொரு தடவை விழுமா என்று கேட்டார்கள். தன்யா ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக நின்றாள். பெற்றோர் அரை மணியில் வந்துவிட்டார்கள். தன்யாவின் அம்மா, மந்தைவெளியில் தையல் கடை வைத்திருப்பவர், அவ்வளவு பெரிய பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து புழுதிப் புடவையை அலசிப் போட்டேன்.

எழுத வேண்டியது இன்னொன்று இருக்கிறது. இன்று முடியாது.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். யு.கே.ஜி.க்கு மட்டும் லீவு. நாளை மறுநாள் இன்ஜினியர் வந்து பார்க்கிறாராம்.

இரவு தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் ஜமக்காளம்.

எழுதிவிடுகிறேன். கயிறு கட்டியது நான். முடிச்சை இழுத்தது நான். தூள் கொட்டியதும் எனக்குத் தெரியும், வியாழக்கிழமை இதே நோட்டில் ‘மழை ஈரம்’ என்று எழுதியிருக்கிறேன். விழுந்தது அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில். யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லாரும் என்னைப் புகழ்கிறார்கள். ஒரு அப்பா, வகுப்பு வாட்ஸப்பில், மிஸ் தெய்வம் என்று போட்டிருக்கிறார். கைகூப்பிய படங்கள் பதினொன்று.

காலை டிபனின்போது சரவணனிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “யாராவது கேட்டாங்களா? கேக்கல இல்ல? நீயா போய் தலைய குடுக்காத” என்றார். எனக்காகத்தான் சொல்கிறார். வேலை போய்விடும் என்று பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

தட்டுகளைக் கழுவி வைத்தேன்.

தொழிற்சாலையில் ஒரு சீட்டு இருந்தது. ஹியாரி-ஹாத்தோ என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கும், நெஞ்சு திக்கென்றது. அதற்கென்று ஒரு சீட்டு. மூன்று கட்டம். என்ன நடந்தது. ஏன். இனி என்ன செய்யலாம். யார் குற்றம் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. வாரத்துக்கு இருபது முப்பது சீட்டு மொழிபெயர்ப்பேன். ஆரம்பத்தில் நம் ஆட்கள் யாரும் எழுத மாட்டார்கள், எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று. ஜப்பானிய மேற்பார்வையாளர் தானே முதல் சீட்டை எழுதி பலகையில் குத்தினார், ஏணியில் கால் வழுக்கியது என்று. அப்புறம்தான் மற்றவர்கள்.

காகித நாயும் மீனும் சொல்லிக் கொடுக்கிறேன். இதை விட்டுவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

மேகமூட்டம்.

காலையில் எழுதினேன். ஒரு பக்கம், மூன்று கட்டம். ‘ஏன்’ என்ற கட்டத்தில் மூன்று தடவை அடித்து எழுதினேன்.

மேடத்திடம் கொடுப்பதற்கு முன் நாகம்மாவிடம் சொல்ல வேண்டும். அவள் பெயரும் இதில் வரும். சிந்தாதிரிப்பேட்டை ஆற்றோரக் குடிசைகளைக் காலி செய்து இவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு தினம் இரண்டு பஸ் பிடித்து வருகிறாள், அறுபது நெருங்குகிறது, இந்த வேலை போனால் கஷ்டம். உன் பெயரை எடுத்துவிட்டேன் என்று படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

“நீ மேல ஏறச்சொல்ல மேஜைய யாரு புடிச்சிக்கினு இருந்தாங்க? அந்தத் தூள யாரு பெருக்கினாங்க? எழுதறதுன்னா ரெண்டு பேரு பேரையும் எழுது மிஸ்ஸு.”

எழுதினேன். அவள் கையெழுத்தும் போட்டாள், மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு.

கிரிஜா மேடம் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஜை இழுப்பறையில் வைத்தார். நாளைக்கு இன்ஜினியர் வரும்போது என்னையும் இருக்கச் சொன்னார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியம் மோர் மட்டும்.

நவம்பர் 13, வியாழன்

நல்ல வெயில். எங்கு பார்த்தாலும் துணி காய்கிறது.

இன்ஜினியர் பத்தரைக்கு வந்தார். ஒல்லி, ஐம்பது வயது இருக்கும், தலையில் ஹெல்மெட். நேரே மொட்டை மாடி. நானும் மேடமும் பின்னால். மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலைச் சருகும் புறா இறகும் அடைத்து, கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. தொட்டி நிரம்பி வழிவதும் அதே இடத்தில். எங்கள் வகுப்புக்கு நேர் மேலே. கையை விட்டு அடைப்பை எடுத்தார். சுழித்துக்கொண்டு இறங்கியது.

பிறகு அறை. மேடம் அவரிடம் என் சீட்டைக் கொடுத்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

படித்துவிட்டு ஏணியில் ஏறினார். கம்பிகளைச் சுத்தியால் தட்டினார். கொக்கிக்கு வந்தார். இரண்டு கையாலும் பிடித்து, ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டுத் தொங்கினார். கொக்கி அசையவில்லை. ஒரு பொடிகூட உதிரவில்லை.

இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “காயித மீனுக்கெல்லாம் கான்கிரீட் விழாது மேடம். கம்பி துருப்பிடிச்சு ஊதி ரெண்டு மூணு வருஷம் இருக்கும். நீங்க கயிறு கட்டலன்னாலும் விழுந்திருக்கும். அநேகமா அன்னிக்கே.”

சுவரில் சாய்ந்துகொண்டேன்.

சீட்டை மடித்துக் கொடுக்கும்போது, தூள் கொட்டிய அன்றே யாராவது சொல்லியிருந்தால் அறையைப் பூட்டியிருக்கலாம் என்றும் சொன்னார். குத்திக்காட்டவில்லை, சும்மா சொன்னார். உண்மை. இது என்னோடு இருக்கும். இருக்கட்டும்.

அவர் போன பிறகு மேடம் கதவைச் சாத்தினார். “ஏப்ரல்லயே அந்த இடம் ஒழுகித்து. லீவுல பாத்துக்கலாம்னேன். லீவுல ஆத்துல ஒரு கல்யாணம். அப்பறம் மறந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “மறக்கலை. தள்ளிப்போட்டேன். உங்க பேப்பரைப் படிச்சதுலேந்து எனக்குத் தூக்கம் இல்லை.”

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இருவரும் குடித்தோம்.

என் சீட்டுக்குக் கீழே அவரும் எழுதினார், மூன்று கட்டம். நாளைக்குப் பெற்றோர் முன்னால் தானே படிக்கப் போகிறாராம். அந்த மொட்டை மாடிக்குக் கீழே உள்ள மூன்று அறையும் பூட்டியாயிற்று. திங்களிலிருந்து யு.கே.ஜி. எதிர்க் கட்டிட ஹாலில்.

நாகம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். “அப்பாடா” என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில், லேசான காற்று.

குழந்தைகள் தினம் முற்றத்தில். ஷாமியானா. பழைய மீன்கள் இல்லை. ரியாஸ் கோஷ்டி நேற்று வீட்டிலேயே புதிதாக ஆறு செய்து கொண்டுவந்துவிட்டது. செதிலுக்கு அப்பா அம்மா விரல் ரேகை. ஒரு மீனுக்கு அப்பா பெருவிரல் மட்டும், இரண்டே செதில்.

முதலில் மேடம் படித்தார். மைக் வேண்டாம் என்றுவிட்டார். ஏப்ரல், ஒழுகல், தள்ளிப்போட்டது, கயிறு, தூள், என் பெயர், நாகம்மா பெயர், எல்லாம். ஒரு அப்பா எழுந்து சத்தம் போட்டார். இரண்டு குடும்பம் டி.சி. கேட்டது. நியாயம்தான். மேடம் நின்றபடியே எல்லாருக்கும் பதில் சொன்னார். மற்றவர்கள் பூட்டிய அறைகளைப் பார்த்தார்கள், எதிர் ஹாலின் கூரையைப் பார்த்தார்கள், ஒருவர் குடையால் தட்டியும் பார்த்தார். போகாமல் இருந்தார்கள்.

பிறகு சோற்று உருண்டை. குழைந்த சாதம், உள்ளே எலுமிச்சை ஊறுகாய் அல்லது உருளைக்கிழங்கு, வெளியே கடல்பாசிக்குப் பதில் வாழையிலைக் கீற்று. குழந்தைகளே உருட்டி அம்மா அப்பாவுக்குக் கொடுத்தார்கள். சாப்பிடும் முன் ‘இத்தாதாகிமாஸ்’, சாப்பாட்டுக்கு நன்றி. ஒரு தாத்தா அதை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்துவிட்டார்.

தன்யாவின் அம்மா ஓரமாக வந்து நின்றார். எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு இவ வாயே தொறக்கல. நீங்க சொல்லுங்க மிஸ்.”

சொன்னேன். வார், பக்கிள், ‘நானே’, என் எரிச்சல். நான் ‘போ’ என்று சொன்னதையும். ரியாஸ் கேட்டதையும். அந்தப் ‘போ’வை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

அவர் முற்றத்தைப் பார்த்தார். தன்யா இன்னும் முதல் உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது போல, மறுபடி பிரித்தாள்.

“எல்லாத்துலயும் லேட்டு மிஸ் இவ. தெனம் காலைல அடிக்காத கொறதான், அவ்ளோ திட்டுவேன். திங்கக்கெழமகூட திட்டிதான் அனுப்ச்சேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இந்த நாலு நாளா திட்டல. எம்மா நேரம் ஆனாலும் நின்னுக்கினு இருக்கேன்.”

என் கையை ஒரு முறை பிடித்துவிட்டுப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். உருண்டை வந்தது. சாப்பிட்டார்.

நான்கு மணிக்கு எல்லாம் ஒழித்தாயிற்று. மேடம் எனக்கும் நாகம்மாவுக்கும் காபி வரவழைத்தார். வேலை போகவில்லை. அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை.

லஸ்ஸில் பஸ் உடனே வந்தது, உட்கார இடமும் கிடைத்தது. சரவணனுக்குப் போன் போட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். சரி, பாத்து வா என்றார். போனைப் பையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து கண்டக்டர் தோளைத் தட்டினார். “எக்கா, பிராட்வே. எல்லாரும் எறங்கியாச்சு.” திருவல்லிக்கேணி தாண்டி எவ்வளவோ நேரம். வண்டியில் நானும் அவரும் டிரைவரும்தான். கோபமே வரவில்லை. திரும்பிப் போகும் பஸ் பக்கத்திலேயே நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மறுபடியும் தூங்கிவிட்டேன்.